போஸ்ட்மேன் காலேஜுக்குப் போயிட்டு வந்தோம் அத்தை

அத்தை,

நல்லா இருக்கீங்களா. இதை வாட்ஸ்அப்ல வாய்ஸா அனுப்பினா பாதிதான் கேப்பீங்க, போன் போட்டா நடுவுல மாமா வாங்கி வண்டி என்ன மைலேஜ் குடுத்துச்சுன்னு ஆரம்பிச்சிடுவாங்க, அதான் பிளாக்லயே எழுதிட்டேன், உங்க மருமக வாசிச்சுக் காட்டட்டும். ஊரே படிச்சாலும் பரவாயில்ல. உங்களைக் கிண்டல் பண்ணும்போது ஊரே கேக்கத்தான பண்ணேன்.

போன சனிக்கிழமை அண்ணாமலை யுனிவர்சிட்டிக்குப் போனோம். நான், என் சம்சாரம் (அதான் உங்க மருமக), பிள்ளைக ரெண்டும், நாலு பேரும்.

உண்மையைச் சொல்லிடுறேன், கிளம்புனப்ப உங்க ஞாபகமே இல்ல. பெரியவன் பிளஸ் டூ முடிச்சுட்டு அக்ரிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கான், சரி இடத்தையும் ஒரு தடவை பாத்துக்கட்டும், அப்படியே நடராஜரையும் பாத்துட்டு பிச்சாவரத்துல போட்ல போயிட்டு வந்துடலாம்னு பிளான். தாம்பரத்துல இருந்து காலைல நாலு மணிக்கே வண்டிய எடுத்தாச்சு. பாண்டி தாண்டி கடலூர் வரைக்கும் பிள்ளைக ரெண்டும் தூக்கம், உங்க மருமக மட்டும் நான் தூங்கிடக் கூடாதுன்னு சுண்டலைக் குடுத்துக்கிட்டே வந்தா.

சிதம்பரம் உங்களுக்கு மேப்லதான தெரியும். ரயில்வே லைனுக்கு மேற்கால நடராஜர், கிழக்கால ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், அவ்வளவுதான் ஊரு. லைனைத் தாண்டுனதும் கடைவீதிச் சத்தம் குறைஞ்சு மரமா வருது. காலேஜுன்னா ஒரு கேட்டு, நாலு பில்டிங், ஒரு கிரவுண்டுன்னுதான் என் பசங்க நினைச்சிருந்தாங்க. இது ஒரு ஊரு அத்தை. ஆஸ்டல், பேங்க், போஸ்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி, எல்லாம் இருக்கு. யுனிவர்சிட்டியோட மெடிக்கல் காலேஜ் இப்ப கடலூர் அரசு மெடிக்கல் காலேஜ் ஆயிடுச்சு. அக்ரிக்குத் தனியா வயக்காடே இருக்கு, மரைன் பயாலஜி மட்டும் கடல் பக்கம் பரங்கிப்பேட்டைல. பையன் வயலைப் பாத்ததும் போனை பாக்கெட்ல போட்டான், அன்னைக்கு அதுவே எனக்குப் போட்ட காசு வந்த மாதிரி.

ராஜேந்திரன் சிலைகிட்ட வண்டிய நிறுத்தினேன். யாருப்பா இதுன்னு சின்னவ கேட்டா. 1965 ஜனவரி 27, இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன பசங்க மேல போலீஸ் சுட்டுச்சு, இங்க படிச்சிக்கிட்டு இருந்த பையன் செத்துப்போனான்னு சொன்னேன். பெரியவன் பேசாம நின்னு பாத்துட்டு, "என் செட்டு பையன் மாதிரி இருக்காரு"ன்னு மட்டும் சொன்னான். மாலை காஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு. ஜனவரி மாசம் வந்தா எல்லாக் கட்சிக்காரங்களும் வந்து போடுவாங்க, அப்புறம் அடுத்த ஜனவரிதான் போல.

அங்க இருந்து மியூசிக் காலேஜ் பக்கம் போனோம், சத்தமே இல்ல, லீவு. பல்கலைக்கழகம் வந்த 1929லயே இசைக்கல்லூரியும் வந்துடுச்சுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லியிருக்கீங்க, ஒன்பதாங்கிளாஸ் லீவுல, தமிழிசை இயக்கம் பத்தி, தெலுங்குக் கீர்த்தனையா பாடிக்கிட்டு இருந்த கச்சேரி மேடைல தமிழ்ப் பாட்டும் வேணும்னு 1941ல இங்கதான் மாநாடு போட்டாங்க, அப்புறம்தான் 1943ல மெட்ராஸ்ல தமிழ் இசைச் சங்கம்னு. தண்டபாணி தேசிகர் இங்க பேராசிரியரா இருந்தவர்னும் சொன்னீங்க. அப்ப எனக்கு அது பரிட்சைக்கு வராத சமாச்சாரம், காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான். அன்னைக்கு வெயில்ல நின்னு அதையே நான் பிள்ளைகளுக்கு ஒப்பிச்சேன், உங்க மாதிரியே கையைக் கையை ஆட்டி, "அப்பாக்கு எப்படி இதெல்லாம் தெரியும்"னு உங்க மருமகளுக்கே ஆச்சரியம்.

அப்பத்தான் சொன்னேன், எங்க அத்தை படிச்ச யுனிவர்சிட்டி இது, இங்க வாங்குன பி.லிட்-ஐ வச்சுத்தான் பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர் ஆனாங்கன்னு. சொன்னேனா, சின்னவ உடனே கேட்டா, "அத்தையாச்சி எந்த கிளாஸ்ரூம்ல உக்காந்தாங்க? அங்க நின்னு போட்டோ எடுப்போம்."

எனக்கு வாய் வரல.

கோவில்பட்டில நம்ம வீட்டுத் திண்ணைய எப்படி அவளுக்குக் காட்டுறது? அது இப்ப இடிச்சு கார் ஷெட் ஆயிடுச்சு. பகல்ல தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதிட்டு வந்து, ராத்திரி ஆச்சி கூட உக்காந்து தீக்குச்சியைக் கட்டைல அடுக்கிட்டு, எல்லாரும் படுத்த பிறகு அந்த நாப்பது வாட்ஸ் பல்புக்குக் கீழ நீங்க பாடத்தைப் பிரிப்பீங்க. காக்கிக் கவர்ல கட்டா வரும். தபால்காரர் தெருமுனைல சைக்கிள் பெல் அடிச்சாலே நீங்க ஈரக்கையோட ஓடுவீங்க, தாத்தா ஈசிசேர்ல இருந்துகிட்டே "பொம்பளப்புள்ளைக்குத் தபால்ல என்ன படிப்பு"ன்னு கேப்பாரு, நாங்க பயலுக எல்லாம் தெருவுல நின்னு "எங்க அத்தை போஸ்ட்மேன் காலேஜ்ல படிக்கா"ன்னு கத்துவோம். அந்தப் பேரை வச்சது நான்தான். சித்தப்பா பையன் வச்சான்னு இத்தனை வருசமா சொல்லிட்டு இருக்கேன்ல, இல்ல, நான்தான்.

நீங்க "எங்க யுனிவர்சிட்டி"ன்னு சொல்லும்போதெல்லாம் சிரிப்போம். "விபுலானந்த அடிகள் உக்காந்த தமிழ்த்துறைடா அது"ம்பீங்க, "அவரு நாற்காலில உக்காந்தாரு, நீங்க திண்ணைல உக்காந்தீங்க"ன்னு நான் சொல்ல, அப்பா கூட சிரிச்சாரு. நீங்களும் சேந்து சிரிச்சீங்க, அதனால அது பெரிய விஷயமாத் தோணல.

ஒண்ணு ஞாபகம் இருக்கா, 1988ல முதல் வருசப் பரிட்சை, பாளையங்கோட்டைல சென்டர். தனியாப் போகக் கூடாதுன்னு தாத்தா சொல்லிட்டாரு, துணைக்கு அனுப்புனது யாரை, ஒம்பது வயசுப் பயலை. உங்களை நான் பாத்துக்கணுமாம். பஸ்ல வாந்தி எடுத்தவனே நான்தான். நீங்க உள்ள எழுதிட்டு இருக்க, நான் வேப்பமரத்தடில தயிர்ச்சோத்துத் தூக்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மூணு மணி நேரம், பக்கத்துல இதே மாதிரி துணைக்கு வந்த கூட்டம், கைக்குழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு ஆளு, அவர் சம்சாரம் உள்ள எழுதுது. போலீஸ்காரங்க, நர்சுங்க, கண்டக்டரு, எல்லாரும் மணி அடிச்சதும் வெளிய வந்தாங்க. நீங்க வரும்போது விரல்ல மசி, முகமெல்லாம் வேர்வை, என்கிட்ட வந்து "கலித்தொகை வந்துடுச்சுடா"ன்னு சொன்னீங்க, யாரோ சொந்தக்காரங்க வந்த மாதிரி.

இதையெல்லாம் சின்னவகிட்ட சொன்னேன். பெரியவன் கேட்டுட்டு, "கொரோனால நாங்க படிச்ச ஆன்லைன் கிளாஸ் மாதிரியா?"ன்னான். அதுல உங்க மிஸ் மூஞ்சியாவது தெரிஞ்சுச்சுல்ல, அத்தைக்கு அதுவும் கிடையாதுன்னேன். அவனுக்கு அதுக்கு மேல ஜோக் எதுவும் வரல.

அப்புறம் அக்ரி விசாரிக்க வந்த வேலைய அப்படியே வச்சுட்டு தொலைதூரக் கல்வி இயக்ககம் எங்கன்னு ரெண்டு பேர்கிட்ட கேட்டுப் போனேன். 1979ல ஆரம்பிச்சது. உங்களை மாதிரி எத்தனை வீட்டுத் திண்ணைக்கு அங்க இருந்து கட்டு கிளம்பியிருக்கும். வாசல்ல நின்னேன், உள்ள போய் என்னன்னு கேக்க? என் அத்தையோட கிளாஸ்ரூம் எங்கன்னா? உங்க மருமக போன்ல ஒரு படம் எடுத்தா, வெயில்ல நான் கண்ணைச் சுருக்கிட்டு நிக்கேன், அனுப்புறேன், சிரிக்காதீங்க.

லைப்ரரி பக்கமும் போனோம், சர் சி.பி. ராமசாமி ஐயர் பேருல இருக்கு. யுனிவர்சிட்டி வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரில உ.வே.சா. 1924ல இருந்து மூணு வருசம் முதல்வரா இருந்திருக்காரு, விபுலானந்தர் 1931ல வந்தாரு, எல்லாம் நீங்க சொன்னதுதான். 2013ல பணக் கஷ்டத்துல கவர்மெண்டே யுனிவர்சிட்டிய எடுத்துக்கிச்சு, அது நீங்க சொல்லல, பேப்பர்ல படிச்சேன். அன்னைக்கு நீங்க போன் பண்ணி அப்பாகிட்ட ரொம்ப நேரம் பேசுனீங்க. யுனிவர்சிட்டிக்கு என்ன ஆனா இவங்களுக்கு என்னன்னு நினைச்சேன் நான்.

வெயில் ஏறிப்போச்சு, பிச்சாவரம் போனப்ப ரெண்டு மணி. போட்காரர் ஒரு மரத்தைக் காட்டி இதுதான் தில்லை, பால் பட்டா கண்ணுக்கு ஆகாது, தொடாதீங்கன்னாரு. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு வந்த மரம். கோயில்ல இல்லாம இங்க சேத்துல நிக்குதேன்னு உங்க மருமக சொன்னா.

சொல்ல மறந்துட்டேன் பாருங்க. கேம்பஸ்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி அண்ணாமலை நகர் போஸ்ட் ஆபீஸ் கண்ல பட்டுச்சு. 608 002. நீங்க கவர் மேல அந்த நம்பரை ஸ்கேல் வச்ச மாதிரி எழுதுவீங்க, எனக்கு எங்க தெரு பின்கோடுக்கு முன்னாடியே அது மனப்பாடம். சனிக்கிழமைங்கறதால தொறந்திருந்துச்சு. உள்ள போய் போஸ்ட் கார்டு கேட்டேன், இன்னும் அம்பது பைசாதான், ரெண்டா வாங்கிட்டேன். ஒண்ணுல பெரியவன் எழுதினான், ஒண்ணுல சின்னவ. என்ன எழுதுனாங்கன்னு எனக்குக் காட்டல. அட்ரஸ் மட்டும் நான் எழுதினேன்.

ரெண்டு நாள்ல வந்துடும். மதியம் தூங்கிடாதீங்க, உங்க தெருவுக்கு இப்ப தபால்காரர் எத்தனை மணிக்கு வர்றாருன்னு மாமாகிட்ட கேட்டு வைங்க.

உங்க அண்ணன் பையன்