எஸ்.என். லட்சுமி நூற்றாண்டு ஆவணத் தொகுப்பு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷுக்கு அம்மாவாக வந்தவர், 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் கிடைத்ததையெல்லாம் சுருட்டிக்கொள்ளும் பாட்டி, 'விருமாண்டி'யில் கமல்ஹாசனின் அப்பத்தா. இந்த மூன்றும் எஸ்.என். லட்சுமி அம்மாதான். விருதுநகரை அடுத்த சென்னல்குடியில் 1927-இல் பிறந்தவர். 2027 அவருக்கு நூற்றாண்டு. அதற்குள் அவருடைய புகைப்படங்கள், படங்களின் பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகள், உடன் நடித்தவர்களின் நினைவுகள் எல்லாவற்றையும் திரட்டி, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி நம் ஊர் நூலகத்தில் வைக்க எங்கள் குழு வேலையைத் தொடங்கியிருக்கிறது. அதற்கு உங்கள் கை கொடுக்க வேண்டுகிறோம்.

நாடக மேடையில் வளர்ந்தவர் அவர். என்.எஸ். கிருஷ்ணன் குழுவில் நடித்திருக்கிறார். 1948-இல் ஜெமினி எஸ்.எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் டிரம் டான்ஸில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடிய பெண்களில் அவரும் ஒருவர். தூத்துக்குடியிலிருந்து வந்த டி.பி. முத்துலட்சுமிக்கும் சினிமாவில் அந்தப் படம்தான் வாசல். பின்னால் முத்துலட்சுமி நகைச்சுவைக்குப் போனார், லட்சுமி அம்மா தாய் வேடத்துக்குப் போனார்.

'சர்வர் சுந்தரம்' 1964-இல் வந்தது. கே. பாலசந்தர் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்க, ஏவிஎம் தயாரித்த படம். நாகேஷ் பிறந்தது 1933. கணக்குப் போட்டால் தாய்க்கும் மகனுக்கும் ஆறேழு வயதுதான் வித்தியாசம்! படம் பார்க்கிற எவருக்கும் அது தோன்றுவதே இல்லை. ஓட்டலில் தட்டு தூக்கிய பிள்ளை பெரிய நடிகனாகிவிட்டான் என்று பூரிக்கும்போதும் சரி, அவன் வரவுக்காகக் காத்திருக்கும்போதும் சரி, அந்த உடம்பில் முதுமை உட்கார்ந்திருக்கிறது. மாடிப்படியில் உருண்டு விழுந்து தாய் உயிருக்குப் போராடும் நேரத்தில் மகன் படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டிருப்பான். அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் காட்சியில் நாகேஷின் அழுகையை எல்லோரும் சிலாகிக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அந்தத் தாயை நம்மிடம் ஒட்டவைத்தது லட்சுமி அம்மாவின் நடிப்பு. அது இல்லாவிட்டால் அந்த அழுகை நம்மைத் தொட்டிருக்காது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

முப்பது வருஷம் கழித்து 'மகாநதி'. மருமகன் கமல்ஹாசன் சிறையில் கிடக்க, பேரப் பிள்ளைகளைக் கட்டிக் காக்க முடியாமல் தவிக்கும் மாமியார். அதே கமல்ஹாசனோடு அதற்குச் சில வருஷம் முன்புதான் 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தின் காமேஸ்வரன் கதையில் சிரிக்கவைத்திருந்தார். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடுத்தடுத்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய நடிகையை நாம் 'பாட்டி நடிகை' என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம் என்பது விளங்கும். கலைமாமணி விருது பெற்றவர். கடைசிக் காலம் வரை தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்துக்கொண்டிருந்தார். 2012 பிப்ரவரி 20 அன்று சென்னையில் காலமானார்.

இருநூறு படங்களுக்கு மேல் நடித்தவர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்த இருநூறையும் வரிசையாக எழுதிய ஒரு பட்டியலை இன்றைக்குத் தேடினால் கைக்குக் கிடைப்பதில்லை. கதாநாயகிக்கு அட்டைப்படம் உண்டு, பேட்டி உண்டு. துணை நடிகைக்குப் பாட்டுப் புத்தகத்தின் நடிகர் பட்டியலில் கடைசி வரியில் ஒரு பெயர், அதுவும் சில சமயம் இருக்காது. படத் தகவல்களைச் சேகரித்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் போன்ற ஒருவர் ஆயுள் முழுக்கக் குறித்துவைத்ததால்தான் தமிழ் சினிமாவுக்கு இவ்வளவாவது வரலாறு மிஞ்சியது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் பழைய அச்சுத் தாள்களைக் காப்பாற்றுகிறது. மாவட்டங்களில் வீட்டுப் பரணில் கிடப்பதை அந்தந்த ஊர்க்காரர்கள்தானே எடுக்க வேண்டும்?

எங்களிடம் இதுவரை சேர்ந்த பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தால் அவசரம் புரியும். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிக்கும் அந்த மெல்லிய புத்தகங்கள் மட்ட ரகத் தாளில் அச்சானவை. நடுவில் குத்திய பின் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளைத் தின்றுவிட்டது. பின்னைக் கழற்றி, ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, அமிலமில்லாத தாள் உறையில் போட வேண்டும். பக்கத்தைப் புரட்டினாலே ஓரம் உதிர்கிறது. அதைவிட அவசரம் மனிதர்கள். அவரோடு மேடையேறியவர்கள் எல்லோரும் இன்று முதியவர்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்யும் வேலையைத்தான் முதலில் முடிக்கப் போகிறோம்.

மொத்தம் ரூ.4,80,000 தேவைப்படுகிறது. ஒலி, ஒளிப் பதிவுக்கும் பயணத்துக்கும் ரூ.1,40,000. ஸ்கேனர், ஹார்டு டிஸ்க் வகையில் ரூ.1,10,000. உறைகளும் இரும்பு பீரோக்களும் ரூ.60,000. படப் பட்டியலோடு ஒரு நூல் 500 பிரதி அச்சிட ரூ.1,25,000. நூற்றாண்டு விழாவில் முறையான அனுமதியோடு அவர் படங்களைத் திரையிட ரூ.45,000. குழுவில் உள்ளவர்கள் போட்டதும் நண்பர்கள் தந்ததுமாக ரூ.1,35,000 கையில் இருக்கிறது. பாக்கி ரூ.3,45,000.

நூறு ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், விழா முடிந்ததும் முழுக் கணக்கும் பொதுக்கூட்டத்தில் படிக்கப்படும். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி சான்று எங்கள் குழுவுக்கு இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுவது முறை. பணம் மிஞ்சினால் டி.பி. முத்துலட்சுமி, சி.கே. சரஸ்வதி, காந்திமதி ஆகிய நடிகைகளுக்கும் இதேபோல் தொகுப்பு தொடங்குவோம், வேறு எதற்கும் எடுக்க மாட்டோம்.

பணம் தர இயலாதவர்கள் பரணில் கிடக்கும் ட்ரங்க் பெட்டியைத் திறந்து பாருங்கள். அப்பா, தாத்தா காலத்துப் பாட்டுப் புத்தகம், சினிமா பத்திரிகை, நாடக நோட்டீசு, குழுப் படம் எது இருந்தாலும் எங்களுக்குப் பயன்படும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். ஸ்கேன் செய்த பிறகு அசலை உறை போட்டு உங்கள் வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை குழு உறுப்பினர்கள் நூலகத்தில் இருப்பார்கள். நன்கொடையையும் அப்போதே செலுத்தலாம்.

இப்படிக்கு,
நூற்றாண்டு ஆவணக் குழுவினர்,
விருதுநகர்