வராந்தா சண்டையோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சூப்பர் ஹீரோ தொடர்களின் சிறந்த எபிசோடுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2015-இல் வந்த ‘டேர்டெவில்’ முதல் சீசனில் மொத்தம் 13 எபிசோடுகள். நீங்கள் சொல்லியிருப்பது இரண்டாவது எபிசோடின் கடைசியில் வரும் வராந்தா சண்டையை மட்டும்தான். எனக்கும் அது உயிர். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

நான் அந்தத் தொடரைப் பார்த்தது என் தம்பியோடு. அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கதாநாயகன் மேட் மர்டாக் சிறுவயதில் பார்வை இழந்தவன் என்று கேள்விப்பட்டுத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கடத்தப்பட்ட பையனை மீட்க மேட் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும், நான் வழக்கம்போல் நடப்பதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். “பேசாதேக்கா, எனக்கே கேக்குது” என்றான். பிறகுதான் கவனித்தேன். கேமரா வராந்தாவை விட்டு நகர்வதில்லை. அடிதடியில் பாதி அறைகளுக்குள் நடக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது நமக்கும் சத்தமாகத்தான் வருகிறது. நடுநடுவே மேட் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான். தம்பிக்குப் பிடித்தது அந்த மூச்சிரைப்புதான்.

அவன் ஓட்டு 10-வது எபிசோடுக்கு. முகமூடி போட்டுச் சண்டை போடுகிறவன் மேட்தான், அவன் காது அபாரக் கூர்மை என்ற ரகசியம் உயிர் நண்பன் ஃபாகிக்குத் தெரிந்துவிடுகிறது. இத்தனை நாளும் தன் இதயத் துடிப்பைக் கேட்டே பொய்யா மெய்யா என்று கண்டுபிடித்திருக்கிறானே என்று ஃபாகி நொறுங்கிப்போகிறான். அடியே விழாத அந்தச் சண்டைதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

என் ஓட்டு 8-வதற்கு. வில்லன் ஃபிஸ்க் காலையில் ஆம்லெட் போடுகிறான், கறுப்பு கோட்டு எடுக்கிறான், சட்டைக் கையில் மாட்டும் அப்பாவின் பொத்தான்களை, அந்த கஃப்லிங்க்ஸை, மாட்டுகிறான். கண்ணாடியில் தெரிவதோ முகமெல்லாம் ரத்தம் தெறித்த ஒரு சிறுவன். சிறுவயதில் அம்மாவை அடித்த அப்பாவைச் சுத்தியலால் கொன்ற அதே ஃபிஸ்க். கடைசியில் அவன் காதலி வனெஸ்ஸா வேறு கோட்டு எடுத்துக் கொடுத்த பிறகுதான் கண்ணாடியில் அவன் அவனாகத் தெரிகிறான். கண்ணாடியில் தெரிவதற்கு வசனம் கிடையாது. நானும் லயித்துப்போய்ச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 10 அன்று தொடர் வெளியானபோது அதற்கு ஆடியோ டிஸ்கிரிப்ஷன், அதாவது திரையில் நடப்பதைக் குரலில் விவரித்துச் சொல்லும் வசதி, இல்லை. பார்வையற்ற ஹீரோவின் கதையைப் பார்வையற்றவர்களால் முழுதாகப் பின்தொடர முடியவில்லை. அவர்கள் குரல் கொடுத்த பிறகு, சில நாட்களிலேயே நெட்ஃபிளிக்ஸ் அந்த வசதியை அறிவித்தது. தொடங்கியதே இந்தத் தொடரில்தான். பின்னால் தம்பி அதை வைத்துத் தனியாகக் கேட்டான். ஒருநாள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அடுப்படிக்கே வந்து கேட்டான்: “கண்ணாடில ஒரு சின்னப் பையன் நிக்கிறானாமே, நீ சொல்லவே இல்லையே?” எனக்குப் பதில் வரவில்லை.

இனிமேல் இப்படிப் பட்டியல் போடும்போது, எந்தத் தொடருக்கு ஆடியோ டிஸ்கிரிப்ஷன் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். உங்கள் இதழை அவனுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி