பழுதுக்குப் பொறுப்பு யார் என்பதைப் பிராண்டா முடிவு செய்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற மாதம் வெளியான இரு செல்பேசிகளின் ஒப்பீட்டையும், அதற்கு எதிர்வினையாக வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கடிதம் எழுதியவர்களில் ஒருவர்கூடக் கட்டுரையில் இருந்த அளவீடுகளைப் பற்றிப் பேசவில்லை. தம் கையில் இருக்கும் செல்பேசியைக் குறைத்துச் சொல்லிவிட்டதாக ஒரு சாரார் மனம் நொந்திருந்தனர். மற்றவர்கள் அந்த நோவைக் கண்டு மகிழ்ந்திருந்தனர். காஞ்சிபுரத்தில் 14 ஆண்டுகளாகச் செல்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்தி வரும் எனக்கு இதில் வியப்பு ஏதுமில்லை.

என் மேசைக்கு வரும் பழுதுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: உப்பிய பேட்டரி, தேய்ந்த சார்ஜிங் பின், கோடு விழுந்த டிஸ்ப்ளே. அந்தப் பழுதுக்கு வாடிக்கையாளர் சொல்லும் காரணம் மட்டும் பிராண்டுக்கு ஏற்ப மாறும். பெயர்பெற்ற, விலை உயர்ந்த செல்பேசியின் பேட்டரி உப்பியிருந்தால், "ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டுட்டேண்ணா, என் தப்புதான்" என்பார்கள். அதே பழுது மலிவான செல்பேசியில் வந்தால், "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்பார்கள். இரண்டிலும் உள்ளே இருப்பது லித்தியம் அயனி பேட்டரிதான். பழையதாகும்போது உள்ளே வாயு சேர்ந்து உப்புவது இரண்டுக்கும் பொதுவான குணம். பொருள் ஒன்றாக இருக்க, பழி மட்டும் பெயரைப் பார்த்து இடம் மாறுவதைத்தான் நான் நாள்தோறும் காண்கிறேன்.

இது நம் ஊருக்கோ செல்பேசிக்கோ மட்டும் உரிய குணமும் அன்று. 1957ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் புதிதாகக் கார் வாங்கியவர்களை ஆராய்ந்தபோது, வாங்க நினைத்து விட்டுவிட்ட கார்களின் விளம்பரங்களைவிடத் தாம் வாங்கிய காரின் விளம்பரத்தையே அவர்கள் அதிகம் படித்தனர் என்று கண்டனர். வாங்கும்வரை நம்மை வாங்க வைக்கும் விளம்பரம், வாங்கிய பிறகு நாம் சரியாகத்தான் தேர்ந்தோம் என்று நம்மைத் தேற்றும் வேலையைச் செய்கிறது. எழுபதாயிரம் ரூபாயைத் தவணையில் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தேறுதல் எவ்வளவு தேவைப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2017 டிசம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்கிறேன். பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகத் தான் குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் அப்போது ஒப்புக்கொண்டது. என் தொழில் அறிவுக்கு எட்டியவரை, அதன் பின்னால் ஒரு நியாயமான காரணம் இருந்தது. பேட்டரி பழையதாகும்போது அதன் உள்மின்தடை கூடுகிறது. செயலி திடீரென அதிக மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்து, முப்பது விழுக்காடு சார்ஜ் இருப்பதாகக் காட்டும் நிலையிலேயே செல்பேசி அணைந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் அணையாது. ஆனால் இதைச் செல்பேசியின் உரிமையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதுதான் குற்றம். பேட்டரியை மாற்றினாலே பழைய வேகம் திரும்பிவிடும் என்பது தெரியாமல், புதிய செல்பேசி வாங்கியவர்கள் பலர் இருந்திருப்பார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. என் கடையில் அந்த வாரம் நடந்த வாதங்களில், ஐபோன் வைத்திருந்தவர்கள் இதை வாடிக்கையாளர் மீதான அக்கறை என்றனர். மற்றவர்கள் திட்டமிட்ட சதி என்றனர். பேட்டரியைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம், மென்பொருள் புதுப்பிப்புகளால் பழைய செல்பேசிகளை மந்தமாக்கியதற்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் ஒரே நேரத்தில் அபராதம் விதித்தது. இதில் முன்னதை நினைவு வைத்திருக்கும் சாம்சங் ரசிகர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னதை நினைவு வைத்திருக்கும் ஒருவரை இன்னும் பார்க்கவில்லை. (2017இல் வந்த ஐபோன் 10இன் திரையைச் செய்து கொடுத்ததே சாம்சங்கின் துணை நிறுவனம்தான் என்றால் இரு தரப்பும் என்னை முறைக்கிறார்கள்.)

நிறுவனங்கள் இந்தப் பகையை ஊதி வளர்க்கவும் செய்கின்றன. 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை என்றதும், எங்கள் கேலக்ஸியுடன் சார்ஜர் வரும் என்று சாம்சங் சமூக ஊடகத்தில் கேலி செய்தது. மூன்றே மாதத்தில் வந்த கேலக்ஸி எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. கேலிப் பதிவை நிறுவனம் நீக்கிவிட்டது. அந்தக் கேலியை நம்பி நண்பர்களோடு சண்டையிட்டவர்கள் தம் வாதத்தை எங்கே போய் நீக்குவது?

பிறரைச் சொல்லும்போது என்னையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இயங்கியது. எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் அங்கே வேலை பார்த்தனர். ஆகவே நோக்கியாவை யார் குறை சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. 2012இல் நோக்கியாவின் லூமியா 920 செல்பேசியில் எடுத்ததுபோலக் காட்டிய ஒரு விளம்பரக் காணொளி அந்தச் செல்பேசியால் எடுக்கப்பட்டதன்று என்பது, கண்ணாடிச் சன்னலில் தெரிந்த ஒளிப்பதிவாளரின் பிம்பத்தால் அம்பலமானது. நிறுவனமே மன்னிப்புக் கேட்ட பிறகும், "எல்லா கம்பெனியும் செய்வதுதானே" என்று வாதாடிக்கொண்டிருந்தேன். எனக்கு அதற்காக ஒரு காசும் கிடைக்கவில்லை.

காசு வாங்கிக்கொண்டு பேசுவோர் வேறு இருக்கிறார்கள். கூகுளின் பிக்ஸல் 4 செல்பேசியைத் தாமே பயன்படுத்தியதுபோலப் பேசி வானொலி அறிவிப்பாளர்கள் விளம்பரம் செய்தனர் என்றும், அவர்களுக்கு அந்தச் செல்பேசி கொடுக்கப்படவே இல்லை என்றும் குற்றஞ்சாட்டி, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2022 நவம்பரில் கூகுள் மீதும் ஒரு வானொலி நிறுவனத்தின் மீதும் நடவடிக்கை எடுத்தது. தைவானில் 2013ஆம் ஆண்டு, போட்டி நிறுவனமான எச்டிசியைத் தாழ்த்தி இணையத்தில் எழுத ஆள் வைத்ததற்காகச் சாம்சங்குக்கு அபராதம் விதிக்கப்பட்டது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. சென்ற மாத ஒப்பீட்டில், அந்தச் செல்பேசிகளை நிறுவனங்கள் அனுப்பிவைத்தனவா, இதழ் விலைகொடுத்து வாங்கியதா என்ற குறிப்பு இல்லை. கட்டுரையாளர் எத்தனை நாள் பயன்படுத்தினார் என்பதும் தெரியவில்லை. கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் அவற்றுள் ஒன்றின் முழுப்பக்க விளம்பரம் இருந்தது. கட்டுரையாளரின் நேர்மையை நான் ஐயுறவில்லை. இந்த விவரங்களை இரண்டு வரியில் அச்சிடுவதால் அவருடைய நேர்மைக்கு வலுவே சேரும். மேலும், வெளியான வாரத்தில் எல்லாச் செல்பேசியும் நன்றாகத்தான் ஓடும். ஓர் ஆண்டு கழித்து அதே செல்பேசியின் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது, டிஸ்ப்ளே உடைந்தால் அசல் உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்பதையும் எழுதினால் வாங்குவோருக்குப் பெரிதும் பயன்படும்.

அதற்கு என்னால் ஆன உதவியையும் செய்யத் தயாராக இருக்கிறேன். என் கடையின் ரசீதுப் புத்தகங்களிலிருந்து வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, எந்த மாடலுக்கு எத்தனை மாதத்தில் என்ன பழுது வந்தது என்று எழுதித் தருகிறேன். முதல் இதழில் மாடல்களின் பெயரைப் போடாமல் பழுதுகளை மட்டும் வெளியிடுங்கள். எது நல்ல செல்பேசி என்று வாசகர்கள் எழுதி அனுப்பட்டும். பெயர்களை அடுத்த இதழில் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செல்பேசி பழுதுபார்ப்பவர்,
காஞ்சிபுரம்.