பால்மாவுப் பெட்டிகளோடு கம்போடியா செல்லும் அன்பர்களுக்கு

சிங்கப்பூரில் தமிழர் அமைப்புகளையும் ஆலயத் தொண்டர் குழுக்களையும் நடத்திவரும் அன்பர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் இளையர்களைக் கம்போடியாவுக்கு அழைத்துப் போக உங்களில் சிலர் திட்டமிட்டிருப்பீர்கள். சமூக மன்றத்தின் ஓர் அறையில் பெட்டிகள் சேரத் தொடங்கியிருக்கும்: பால்மாவு டின், பால்புட்டி, பிஸ்கட், பொம்மை. நான் குழந்தைகள் பிரிவில் வேலை செய்யும் தாதி. விடுப்பு கிடைக்கும்போது அங்குள்ள மாநில மருத்துவமனைகளில் தொண்டூழியம் செய்கிறேன். அந்தப் பெட்டிகளிலிருந்து பால்மாவையும் புட்டியையும் பிஸ்கட்டையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டிலுக்கு அடியில் பால்மாவு டின் ஒன்று இருந்தது. நம் பேரங்காடியின் விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. டின்னில் இருந்தது ஆங்கிலமும் சீனமும். அந்தத் தாய்க்கோ கெமர் மொழி மட்டும்தான் தெரியும். டின் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று கால் கரண்டி மாவை ஒரு புட்டி நீரில் கலக்கிக் கொடுத்துவந்தாள். பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. கொதிக்கவைக்காத நீர், கழுவ வசதியில்லாத புட்டி. வயிற்றுப்போக்கோடு குழந்தையை அட்மிட் செய்திருந்தார்கள். புட்டிக்குப் பழகிய பிள்ளை மார்பை விட்டுவிட்டதால் தாய்ப்பாலும் வற்றிக்கொண்டிருந்தது. அடுத்த டின் வாங்க அவளிடம் காசு ஏது? அன்போடு கொடுத்தவர்கள் அதற்குள் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இந்த எச்சரிக்கை நம் ஊரிலேயே எழுந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், இன்றைய கானாவில் பணியாற்றியபோது, சத்துக்குறைவால் உடல் வீங்கும் குவாஷியோர்கர் நோயை 1930களில் மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர். பிறகு மலாயாவுக்கு வந்தார். பச்சிளம் குழந்தைக்கு ஏற்றது என்று சொல்லி இங்கே இனிப்புக் கெட்டிப்பாலை விற்றுக்கொண்டிருந்தார்கள். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் அவர் பேசினார். இப்படிப்பட்ட உணவால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். ஜப்பானியர் காலத்தில் சாங்கியில் சிறைப்பட்டுக் கிடந்தவரும் அவர்தான். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை முறைக்கு உலக அளவில் நெறிமுறை வந்தது 1981இல். அவற்றை மருத்துவமனைகளுக்கு இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று உலகச் சுகாதாரப் பேரவை 1994இல் கேட்டுக்கொண்டது. கம்போடியாவும் 2005இல் தனியாக ஆணை போட்டிருக்கிறது. நாம் நல்லெண்ணத்தோடு போகிறோம் என்பதால் இந்த விதிகள் நமக்கு இல்லையென்று ஆகிவிடாது.

பிஸ்கட்டில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான சத்துக்குறைவு. அளக்கும் நாடாவில் சிவப்புப் பகுதி. சில பிள்ளைகள் மெலிந்தே தெரியமாட்டார்கள். கன்னம் உப்பி, கால் வீங்கி இருக்கும். கொழுகொழுவென்று இருக்கிறதே என்று தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொள்வோம். அந்தப் பாதத்தைக் கட்டைவிரலால் சில நொடி அழுத்திவிட்டு எடுத்தால் குழி அப்படியே நிற்கும். அது நீர். அந்த உடம்பு இருப்பதை வைத்துக்கொண்டு எல்லா வேலையையும் குறைத்துக்கொண்டு ஓடுகிறது. திடீரென்று பிஸ்கட்டோ வேறெதுவோ நிறைய ஊட்டினால் இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் சத்துகள் செல்களுக்குள் பாய்ந்துவிடும், இதயம் தாங்காது. சலைனை வேகமாக ஏற்றினாலும் அதே ஆபத்து. அதனால் முதல் சில நாள்களுக்கு 100 மில்லியில் 75 கலோரி மட்டுமே உள்ள எஃப்-75 என்ற மருத்துவப் பாலை இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும், அளந்து அளந்து கொடுப்பார்கள். காய்ச்சலே இல்லாவிட்டாலும் கிருமிக்கு மருந்து உண்டு. உடம்பு குளிராமல் தாயின் மார்போடு அணைத்து வைப்பார்கள். பசி திரும்பிய பிறகுதான் அடுத்த கட்ட உணவு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஊட்ட ஆள் வேண்டும். அந்த வார்டுகளில் உண்மையான பற்றாக்குறை அதுதான்.

தாய்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்பது நமக்குப் புதிதல்ல, அங்கும் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியும் கொஞ்சம் உப்பும் கருவாடுமாகவே பல தாய்மார் நாளை ஓட்டுகிறார்கள். அதில் தயமின் என்ற பி1 சத்து மிகக் குறைவு. தாயிடம் இல்லாதது பாலிலும் இருக்காது. நன்றாக இருந்த மூன்று மாதக் குழந்தைக்குத் திடீரென்று குரல் கம்மும், மூச்சு வாங்கும், இதயம் சோர்ந்துபோகும். குழந்தைப் பெரிபெரி என்பார்கள். உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் தேறிவிடும். பார்க்கப் பார்க்க வியப்பாக இருக்கும். ஊசி விலை அதிகமில்லை. ஆனால் பெரிபெரியாக இருக்கலாம் என்று சந்தேகிக்கத் தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் வார்டில் இருக்க வேண்டும்.

கம்போடியாவில் முன்னேற்றம் இல்லாமலில்லை. 2014இல் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 32 விழுக்காட்டினருக்கு வளர்ச்சி குன்றியிருந்தது. 2021-22 ஆய்வில் அது 22 விழுக்காடாகக் குறைந்தது. உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தைகளோ இன்னும் பத்தில் ஒருவர். வளர்ச்சிக் குறைவை இந்த அளவுக்குக் குறைத்தவர்கள் அந்நாட்டுத் தாதியரும் மருத்துவர்களும் கிராமச் சுகாதாரத் தொண்டர்களும்தான். ஆகவே பட்டியலை அவர்கள் போடட்டும். கொழுப்பு நீக்கிய பால்மாவு வேண்டும் என்று வார்டுச் சமையலறையே கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், மருத்துவப் பால் தயாரிக்க அது பயன்படும். தாயின் கையில் மட்டும் டின்னைத் திணிக்காதீர்கள்.

என் அனுபவத்தில் அவர்கள் அதிகம் கேட்பது துணைக்கு இருக்கும் தாய்க்கு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கான பணம். அதற்கடுத்து, வீடு திரும்பிய பிள்ளையை மறுபடி காட்ட வருவதற்கு வண்டிச் செலவு. வீட்டில் மற்ற பிள்ளைகளை விட்டுவந்தவள், கையில் காசும் இல்லையென்றால், பாதி சிகிச்சையிலேயே கிளம்பிவிடுகிறாள். இரவுப் பணிக்குக் கூடுதல் ஆள், உள்ளூர் மொழியில் தாதியர் பயிற்சி, இவையும் பட்டியலில் இருக்கும். படம் எடுத்துப் போட இவற்றில் ஒன்றுமில்லைதான். ஆனாலும் நன்கொடையாளர்களிடம் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள், நம் மக்கள் மனம் பெரியது.

இளையர்களை அழைத்துப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. வார்டுக்குள் கூட்டமாக நுழையாமல், தாய்மார் சமைக்கும் கொட்டகைக்குக் கூரை போடவும் கைகழுவக் குழாய் அமைக்கவும் அவர்களால் முடியும்.

உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பொருள் பட்டியலை முடிவு செய்யுமுன், நீங்கள் போகவிருக்கும் மருத்துவமனையின் தலைமைத் தாதியிடம் ஒருமுறை பேசுங்கள். மொழி தடையாக இருந்தால் பேசித் தர நண்பர்கள் இருக்கிறார்கள், ஏற்பாடு செய்கிறேன். வாங்கிவிட்ட டின்களை இங்கேயே தேவைப்படும் குடும்பங்களுக்குக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து ஒரு தாதி