ஓட்டை கோணினா கோணட்டும்

மாப்ளே,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆச்சு. திட்டியிருப்பே, திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ‘ஒரு நூல்’ அண்ணன் பட்டறையை மகன்கிட்ட விட்டுட்டார், ஆனா காலையில வந்து நின்னு குறை சொல்றதை விடலே. நம்ம ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

இப்ப உன் லேத்துக்கு (கடைசல் மிஷினுக்கு) நீ புதுசா பண்ற ஸ்பிண்டிலுக்கு, அதான் சக்கைத் தாங்கிச் சுத்தற தண்டுக்கு, வர்றேன். நீளவாக்குல நடுவுல 25 மி.மீ. ஓட்டை வேணும். 55 மி.மீ. ராடு, 380 நீளம். அதுல ஆறு மி.மீ. லாங் ட்ரில்லை விட்டு ஓட்டி, அந்தப் பக்கம் வந்து பாத்தா டயல் (ஆட்டம் அளக்கற முள்ளு கேஜ்) 5 மி.மீ. ஆடுதுன்னு ஒரு பக்கத்துக்கு ஒப்பாரி வெச்சிருக்கே. மொதல்ல கணக்கைச் சரியா சொல்லு. டயல் 5 காட்டினா மையம் விலகினது 2.5தான். பாதி அழுகையைத் திருப்பி வாங்கிக்க.

‘துப்பாக்கிக் குழல் பண்றவன் மட்டும் எப்படி நேரா போடறான்’னு கேட்டிருக்கே. அந்த வேலையில நீ கை வெச்சா 1959 ஆயுதச் சட்டம் உன்னை நேராக்கும், அது வேற கதை. ஆனா கேள்வி நல்ல கேள்வி. அவன் பிட்டு நம்ம ட்விஸ்ட் ட்ரில் ஜாதியே இல்லே. ஒரே ஒரு வெட்டு வாய், அதுக்கு எதிர்ப் பக்கம் ஓட்டைச் சுவரையே பிடிச்சுக்கிட்டுப் போற உடம்பு, உள்ளே எண்ணெய் போக ஒரு துவாரம். அழுத்தத்தோட வர்ற எண்ணெய், வெட்டின இரும்புச் சுருளைத் தூக்கி வெளிய தள்ளிடும். நம்ம ஷெட்டுல அந்த அழுத்தமும் இல்லே, பம்பும் இல்லே. ஆனா அவங்க பாட்டனுங்க கண்டுபிடிச்ச ஒரு விஷயம் நமக்கும் ஆகும்: பிட்டைச் சுத்தாதே, ஜாபை, அதான் ஓட்டை விழற பொருளை, சுத்து. 1774-ல ஜான் வில்கின்சன் பீரங்கிக்கு வாங்கின பேட்டன்ட்டே அதுதான். கெட்டியா வார்த்த பீரங்கி சுத்தும், கருவி சுத்தாம உள்ள போகும். பிட்டு சுத்தி ஜாப் நின்னா, ஒரு தடவை சாஞ்ச பிட்டு அதே சாய்வுல போய்க்கிட்டே இருக்கும், திருப்பிக் கொண்டுவர ஆளில்லே. ஜாப் சுத்தினா, விலகின முனையை ஓட்டைச் சுவர் ஒவ்வொரு சுத்துலயும் மையத்துப் பக்கமாத் தள்ளிக்கிட்டே இருக்கும்.

‘நானும் லேத்துலதானே போட்டேன்’னு நீ கத்தறது கேக்குது. லேத்து தப்பு பண்ணலே. அந்த ஆறு மி.மீ. பிட்டுதான் பண்ணுச்சு. நூறு மி.மீ. தாண்டினா அது பிட்டு இல்லே, ஈர்க்குச்சி. கொஞ்சம் அழுத்தினா வளையும், வளைஞ்ச பக்கமே போகும். பின்னாடி வர்ற பெரிய பிட்டும் அந்தக் கோணல் வழியையே பிடிச்சுக்கும். சின்ன ஓட்டை எதுக்குன்னா, பெரிய பிட்டோட நடு உளி வாய் வெட்டாம அமுக்கிக்கிட்டு நிக்குமே, அதுக்கு வழி விட. அந்த வாய் விட்டத்துல அஞ்சுல ஒரு பங்குகூட வராது. அந்த அளவுக்கு மேலே பைலட், அதான் வழிகாட்டி ஓட்டை, போட்டு ஒரு புண்ணியமும் இல்லே.

அடுத்த ராடுக்கு எடுத்த எடுப்புல 16 மி.மீ. பிட்டுலயே ஆரம்பி. கடையில கிடைக்கற சாதாரண டேப்பர் ஷாங்க் (கூம்புக் காம்பு) 16 பிட்டுக்குச் சுருள் ஏறற பள்ளம் 120 மி.மீ.தான். ரெண்டு பக்கமிருந்து போட்டாலும் உனக்கு 190 வேணும், அதனால பள்ளம் அதுக்கு மேலே இருக்கற எக்ஸ்ட்ரா லாங் பிட்டா பாத்து வாங்கு. ஷாங்க்கை வெட்டி வெல்டு வெச்சு நீட்டாதே, அந்த வெல்டு நேரா இருந்து நான் பாத்ததே இல்லே.

பிட்டை விடறதுக்கு முன்னாடி வாசலைச் சரி பண்ணு. நாலு தாடையையும் தனித்தனியா நகர்த்தற ஃபோர் ஜா சக்ல பிடிச்சு, வெளிவட்டத்துல ஸ்டெடிக்கு (ராடைத் தாங்கற வளையத்துக்கு) ஒரு தடம் கடைஞ்சு, டயல் 0.02-க்குள்ள வரணும். குட்டையான, விறைப்பான பிட்டுல 15-க்கு ஒரு குழி போட்டு, போரிங் டூலால அதைச் சரியா 16-க்குத் திற, 20 மி.மீ. ஆழம். டூல் வெட்டின வாசல்தான் லேத்து மையத்துல இருக்கும், பிட்டு வெட்டினது பிட்டு நினைச்ச இடத்துல இருக்கும். நீ சென்டர் ட்ரில் போட்டு நேரா உள்ள விட்டுட்டே, அங்கேயே பாதி விலகல் ஆரம்பிச்சிருக்கும்.

சக்குக்கு எதிர் முனையில பிட்டைப் பிடிக்கற டெயில்ஸ்டாக்கை நம்பாதே. பழைய லேத்துல அடி தேஞ்சு அது தாழ்ந்துதான் நிக்கும். அதுலேருந்து நீளற குயில் (உருளை) 100, 120 மி.மீ. போனதும் லாக்கை விட்டு மொத்தத்தையும் நகர்த்தணும், ஒவ்வொரு தடவையும் மையம் வேற இடத்துக்குப் போகும். அதுக்குப் பதிலா டூல் போஸ்ட்ல ஒரு பிளாக்கைக் கட்டு. சக்ல பிட்டு பிடிச்சு, அந்த பிளாக்லயே ஓட்டை போட்டு போர் பண்ணு. இப்ப ஹோல்டர் மையமும் ஸ்பிண்டில் மையமும் ஒண்ணு. குறுக்கே நகர்ற கிராஸ் ஸ்லைடை மட்டும் பூட்டி வெச்சுட்டு, நீளவாக்குல நகர்ற கேரேஜைத் தள்ளு.

வேகம்: இ.என்.8 எஃகு ராடுக்கு 16 எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுன்னா கணக்கு 400 ஆர்.பி.எம். சொல்லும். ஆழத்துல 250-க்கு மேலே போகாதே. ஃபீடு சுத்துக்கு 0.1-லிருந்து 0.15. ரெண்டு பள்ளத்துலயும் சுருள் ஒரே மாதிரி வருதான்னு பாத்துக்கிட்டே இரு. ஒண்ணுல நீளமா, ஒண்ணுல பொடியா வந்தா ரெண்டு வாயும் சமமா தீட்டலேன்னு அர்த்தம். உடனே நிறுத்தித் தீட்டு, அது போற பக்கம் உன் பக்கம் இல்லே. பள்ளம் முழுசா உள்ள போனதுக்கப்பறம் சுருளுக்கு வெளிய வழியே கிடையாது. ஒவ்வொரு 5 மி.மீ.க்கும் பிட்டை முழுசா வெளிய எடு, துடை, ஓட்டைக்குள்ள எண்ணெய் ஊத்து, திரும்ப விடு. மேலே கூலன்ட் ஊத்திக்கிட்டே இருந்தா அடியில ஒரு சொட்டும் சேராது. கீச்சுன்னு சத்தம் வந்தா சுருள் அடைச்சுருக்கு. அடுத்த சத்தம் பிட்டு ஒடியறது, ஒடிஞ்ச துண்டை எடுக்கறதுக்குப் புது ராடு வாங்கறது சுலபம்.

மழுங்கின பிட்டை வெச்சு ஓட்டாதே, உன் பழக்கம் தெரியும். ரம்ஃபோர்டுன்னு ஒருத்தர் மியூனிக்ல மழுங்கின கருவியைப் பீரங்கிக்குள்ள தேய்க்கவிட்டு, சுத்தி இருந்த தண்ணியை ரெண்டரை மணி நேரத்துல கொதிக்க வெச்சார். வெப்பம்னா என்னன்னு அதை வெச்சு 1798-ல கட்டுரையே எழுதினார். நீ அதைத் திரும்பப் பண்ணினா டீ போடலாம், வேற பிரயோஜனம் இல்லே.

16 ரெண்டு பக்கமும் சந்திச்சப்பறம் 24 பிட்டு விடு, 180 ஆர்.பி.எம். போதும். கடைசி ஒரு மி.மீ.க்கு டி-பிட், அதான் முனை ‘D’ மாதிரி பாதி வட்டமா இருக்கற பிட்டு, பண்ணிக்க. 25 மி.மீ. சில்வர் ஸ்டீல் (கருவி எஃகு) துண்டு, பாதி விட்டத்துக்கு ஒரு மயிரிழை அதிகமா விட்டு மேலே தட்டையாக்கு, முனையில ஆறேழு டிகிரி பின்சரிவு. செர்ரி சிவப்புல சூடாக்கித் தண்ணியில துவைச்சல் போட்டு, இளம் வைக்கோல் நிறத்துக்கு இறக்கு. பின்னாடி 20 மி.மீ. தண்டுல பொருத்து. அதுக்கும் 25-க்கு போர் பண்ணின வாசல் வேணும், இல்லேன்னா அதுவும் ஊர் சுத்தப் போயிடும். ரீமர் வேண்டாம். அது ஓட்டையைப் பளபளப்பாக்கும், நேராக்காது.

இதெல்லாம் அடுத்த ராடுக்கு. இப்ப நான் எழுத வந்ததே வேற. நீ மூலையில போட்டிருக்கியே, அந்த ராடைப் பழைய இரும்புக்குப் போடாதே.

ஸ்பிண்டிலுக்கு ஓட்டை நேரா இருக்கணும்னு யார் சொன்னா? அதுக்குள்ள ராடு நுழைஞ்சு வரணும், அவ்வளவுதான். நேரா இருக்க வேண்டியது பேரிங் உக்கார்ற இடம். நீ அந்த ஓட்டையையே 25 வரைக்கும் பெருசாக்கு, கோணினா கோணட்டும். ரெண்டு முனையிலயும் ஓட்டை வாயில 60 டிகிரி சாம்ஃபர் (சரிவு விளிம்பு) போடு. அந்தச் சாம்ஃபர்லயே சென்டர் குடுத்துத் தூக்கி வெளிப்புறத்தைக் கடை. ஓட்டைக்கு வெளியைப் பணிய வை, வெளிக்கு ஓட்டையை இல்லே. உனக்கு முன் பேரிங் 30209, உள் விட்டம் 45. 55-ல சுத்தி 5 மி.மீ. கறி இருக்கு, 2.5 விலகல் அதுல அடங்கிடும். ஓட்டை வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா, முனை ரெண்டையும் மையமாக்கினதும் நடுவுல மிச்சம் இருக்கறது முக்கால் மி.மீ.கூட வராது. பத்து மி.மீ. சுவர் ஒரு பக்கம் 9.4, ஒரு பக்கம் 10.6. உன் லேத்து ஓடற வேகத்துக்கு அது தெரியவே தெரியாது.

உன் ராடு பிரைட் பார்னா, அதான் சூடாக்காம இழுத்து வழவழப்பாக்கின ராடுன்னா, ஒண்ணு கவனி. இழுத்த தோலுக்குள்ள இறுக்கம் இருக்கும், மேலே சீவினதும் ராடு வளையும். 2 மி.மீ. மிச்சம் விட்டு ரஃப் கடைஞ்சு ரெண்டு நாள் போட்டு வெச்சு டயல் வெச்சுப் பாரு. வளைஞ்சிருந்தா 550, 600 டிகிரியில ரெண்டு மணி நேரம் வெச்சு உலையிலயே ஆற விடச் சொல்லு, அப்பறம் ஃபினிஷ்.

ஸ்பிண்டில் மூக்குல உள்ள நாலாம் நம்பர் மோர்ஸ் டேப்பரை (கூம்புத் துளையை) இப்பத் தொடாதே. ஸ்பிண்டிலை அதோட பேரிங்ல உக்கார வெச்சு, நட்டு இறுக்கி, அங்கேயே சுத்தவிட்டு, சாய்ச்சு வைக்கற காம்பவுண்ட் ஸ்லைடால கடை. வாய் 31.267 மி.மீ. சக் உக்கார்ற தோளும் அப்படியே. வேற லேத்துல கடைஞ்சு கொண்டுவந்து மாட்டினா, நீ இத்தனை பாடுபட்ட 0.02 எல்லாம் போச்சு.

சாம்ஃபர் போட்டுத் தூக்கினதும் முன்னாடி, நடுவுல, பின்னாடின்னு மூணு இடத்துல டயல் ரீடிங் எழுதி அனுப்பு. உன்கிட்ட மேக்னெட் பேஸ் இருக்கு, எனக்குத் தெரியும், அது என்னோடதுதான்.