இத்தாலியில் சோறு கிடைக்காதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த இத்தாலிப் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. கட்டுரையின் முடிவில் கட்டம் கட்டிப் போட்டிருந்த பயணக் குறிப்புதான் என்னை எழுத உட்கார வைத்தது. இத்தாலிக்காரர்களுக்கும் அரிசிக்கும் சம்பந்தமே இல்லையாம்; சோறில்லாமல் முடியாதவர்கள் குக்கரும் அரிசியும் கட்டிக்கொண்டு போக வேண்டுமாம். நான் குடியிருப்பது வடக்கு இத்தாலியில், நொவாராவில். ஊர் எல்லையைத் தாண்டினால் வயல்தான், அதுவும் நெல் வயல்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் நெல்லில் ஏறத்தாழப் பாதி இத்தாலியுடையது. அதில் பெரும்பங்கு பியமோந்தே, லொம்பார்தியா ஆகிய இரண்டு மாநிலங்களில், வெர்செல்லி, நொவாரா, பாவியா மாவட்டங்களில் விளைகிறது. ரோமிலிருந்து பிளாரன்ஸ் வழியாக வெனிஸ் போகிற ரயில் இந்தப் பக்கம் வருவதேயில்லை. நம்மவர்கள் எழுதும் இத்தாலிக் கட்டுரைகளும் அந்தத் தண்டவாளத்தை விட்டு இறங்குவதில்லை என்பதுதான் என் வருத்தம். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வந்து பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் நிற்கும், நடுவே வரப்புகள் கோடு போட்டிருக்கும். தெளிந்த காலையில் மோந்தே ரோசா மலை பனியோடு அந்தத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். ‘கட்டம் போட்ட கடல்’ என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் நெல் எப்படி என்று கேட்கலாம். அந்தத் தண்ணீரே காரணம். வசந்த கால இரவுகளில் இங்கே குளிர் சட்டென்று இறங்கிவிடும். வயலில் கட்டிய நீர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு முளைப்பயிரைக் காக்கிறது. ஆண்டுக்கு ஒரே போகம். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. இப்போது நாற்று நடுவதில்லை, இயந்திரத்தால் விதைப்புதான். ஆனால் எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, எந்த மடையை எப்போது அடைப்பது என்று பார்க்க ‘கம்பாரோ’ என்று ஓர் ஆள் உண்டு. நம்மூர் நீர்ப்பாய்ச்சிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1475-இலேயே மிலான் கோமகன் ஸ்ஃபோர்ட்சா, ஃபெர்ராரா கோமகனுக்கு நெல் அனுப்புவதாக எழுதிய கடிதம் இருக்கிறது. ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமர் கவூர், வெர்செல்லிப் பக்கம் லேரி என்ற பண்ணையில் தாமே நெல் பயிரிட்டவர். அவர் 1861-இல் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய பாசனக் கால்வாயை 1863-இல் வெட்டத் தொடங்கி 1866-இல் முடித்துவிட்டார்கள். போ ஆற்றில் கிவாஸ்ஸோவில் பிரிந்து 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஓர் ஆற்றைப் பாலமாகக் கடக்கிறது. செசியா ஆற்றுக்கோ அடியில் சைஃபன் வழியாகப் புகுந்து அக்கரையில் ஏறுகிறது. வெனிஸ் கால்வாய்களைப் படம் பிடிப்பவர்கள் இதையும் ஒரு நடை பார்க்கலாம்.

களை பறித்த பெண்களைச் சொல்லாமல் இந்த வயல்களைப் பற்றிப் பேச முடியாது. ‘மொந்தீனே’ என்று அவர்களுக்குப் பெயர். எமிலியா, வெனேத்தோ பகுதிகளிலிருந்து ரயிலில் கூட்டம் கூட்டமாக வந்து, பண்ணைக் கொட்டடிகளில் வைக்கோல் மேல் படுத்து, முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்கக் குனிந்து நின்றவர்கள். கொசு, அட்டை, மலேரியா. வேலைக்கு நடுவே பேசினால் மேஸ்திரி அதட்டுவார், பாடினால் விட்டுவிடுவார் என்று இங்குள்ள பாட்டிகள் சொல்வார்கள். கூலியில் ஒரு பகுதி அரிசியாகவே வரும். 1906-இல் வெர்செல்லியில் வேலைநிறுத்தம் செய்து எட்டு மணி நேர வேலையை வாங்கியவர்கள் இவர்கள்தான். 1960-களில் களைக்கொல்லி வந்ததும் அந்த வேலையே இல்லாமல் போயிற்று.

இனி சாப்பாடு. மிலானில் குங்குமப்பூ போட்ட மஞ்சள் ரிசோத்தோ, வெர்செல்லியில் பீன்ஸோடு ‘பனிஸ்ஸா’, வெனிஸில் பச்சைப் பட்டாணியோடு ‘ரிசி ஏ பிசி’. கட்டுரையாளர் வெனிஸிலேயே மூன்று நாள் இருந்திருக்கிறார்! ரிசோத்தோவுக்கு அரிசியைக் கழுவ மாட்டார்கள், கஞ்சி வடிக்கவும் மாட்டார்கள். வெண்ணெயில் வறுத்து, ஒயின் ஊற்றி, கொதிக்கும் சாறைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறி, கடைசியில் வெண்ணெயும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியும் சேர்ப்பார்கள். ‘அரிசி தண்ணீரில் பிறந்து ஒயினில் சாகிறது’ என்பது இங்கே பழமொழி. சைவக்காரர்கள் மட்டும் கவனியுங்கள்: அந்தச் சாறு பெரும்பாலும் இறைச்சி வேகவைத்தது, பனிஸ்ஸாவில் பன்றி இறைச்சி உண்டு. ‘ப்ரோதோ வெஜெத்தாலே?’ (காய்கறிச் சாறா?) என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ரிசோத்தோவுக்கான கார்னரோலி அரிசியை வாங்கிச் சாம்பார் ஊற்றிக்கொண்டு என்னைத் திட்ட வேண்டாம். ‘ஒரிஜினாரியோ’ என்ற குண்டு அரிசி விலையும் குறைவு, குழைய வெந்து தயிர்சாதத்துக்குக் கச்சிதமாக வரும்.

இத்தனை அரிசிப் பித்துள்ள நாட்டில் அரிசி அரசியலும் இல்லாமலா? கம்போடியா, மியான்மர் அரிசி மலிவாக வந்து குவிகிறது என்று இத்தாலி முறையிட்டதில், 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் மீது மூன்றாண்டுக்கு வரி போட்டது. 2022-இல் மலையில் பனி பொய்த்து, போ ஆறு 70 ஆண்டுகளில் காணாத அளவுக்கு வற்றியது. மணல் திட்டுகள் வெளியே தெரிந்தன, வயல்கள் வெடித்தன. தண்ணீரை மிச்சம் பிடிக்கலாமென்று பலர் வசந்தத்தில் நீர் கட்டாத புழுதி விதைப்புக்கு மாறினார்கள். வசந்தத்தில் வயலில் நீர் நின்றால்தான் நிலத்தடி நீர் ஊறும், கோடையில் கீழ்நிலங்களுக்கு அதுதான் ஊற்றாக வரும் என்று பாசனச் சங்கங்கள் அவர்களிடம் மன்றாடுகின்றன. நாரைகளுக்கும் தவளைகளுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும்.

உங்கள் கட்டுரையாளர் மறுபடி வந்தால் மிலானில் வேக ரயிலை விட்டுவிட்டு, துரின் போகும் சாதாரண ரயிலில் ஏறச் சொல்லுங்கள். அதுதான் நொவாராவிலும் வெர்செல்லியிலும் நிற்கும். மே மாதமென்றால் நல்லது. ஜூலையில் வருவதானால் முழுக்கைச் சட்டை அவசியம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் ஊர்க் கொசு யாரையும் விடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நொவாரா, இத்தாலி.