சென்னிமலைக்கு ஒரு கடல் தொட்டி

வடவள்ளி, கோவை

அன்புள்ள சுப்பு,

கடிதம் கிடைத்தது. தறியை மகன் கையில் விட்டுவிட்டு இனி வீட்டில் உட்காரப் போவதாக எழுதியிருக்கிறாய். நீ எங்கே உட்காரப் போகிறாய்! இங்கே எல்லாரும் நலம். சரசுவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. சின்னவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒன்றும் அமையவில்லை. அது இருக்கட்டும், நீ வீட்டில் வைக்கப் போகும் கடல் மீன் தொட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பேத்தி கலர் பென்சிலில் எழுதி அனுப்பிய மீன் பட்டியலைப் பார்த்தேன். நல்ல ரசனைக்காரி. நீல டேங், மஞ்சள் டேங், மாண்டரின், வண்ணத்துப்பூச்சி மீன், கடல்குதிரை, டாமினோ, க்ளவுன். தனித்தனியே எல்லாமே அழகுதான். ஆனால் நாலடித் தொட்டியில் இத்தனையையும் ஒன்றாக விட்டால் கொஞ்ச நாளில் டாமினோ மட்டும் ராஜாவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

நன்னீர்த் தொட்டியில் கப்பியும் மோலியும் வளர்த்த பழக்கத்தில் பார்க்காதே. பவளப்பாறை மீன்களில் பலவற்றுக்கு இடம்தான் உயிர். ஒரு பொந்து, ஒரு பாறை இடுக்கு, அதைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் என்று பிடித்து வைத்துக்கொண்டு காவல் காக்கும். கடலில் துரத்தப்பட்ட மீன் வேறு பாறைக்கு ஓடிவிடும். கண்ணாடிக்குள் எங்கே ஓடும்? மூலையில் ஒடுங்கி, தீனி எடுக்காமல், துடுப்பு கிழிந்து செத்துப்போகும். அதனால் நிறத்தைப் பார்க்குமுன், அந்த மீன் தொட்டியின் எந்தப் பகுதியில் குடியிருக்கும் என்று பார். மேலே ஒன்று, நடுவே ஒன்று, மணலில் ஒன்று என்று அமைந்தால் பாதிச் சண்டை குறையும். ஒரே உடல்வாகு, ஒரே நிறம், ஒரே தீனி உள்ள இரண்டு மீன்கள்தான் பெரும்பாலும் முட்டிக்கொள்ளும். நிறம் வேறானாலும் மஞ்சள் டேங்கும் நீல டேங்கும் முட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் வால் அடியில் கத்தி போல முள் உண்டு. அது போக, கடையில் இரண்டு அங்குலத்தில் இருக்கும் நீல டேங் 30 செ.மீ. வரை வளரும். ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் அதை விடுவது பாவம்.

டாமினோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளியோடு குட்டியாக இருக்கும்போது பார்க்கவே ஆசையாக இருக்கும். விலையும் மலிவு, எதையும் தாங்கும். ‘புதுத் தொட்டிக்கு இதைத்தான் முதலில் விடணுங்க’ என்று கடைக்காரரே சொல்லுவார். வளர்ந்தால் 14 செ.மீ. வரும். முதலில் வந்த உரிமையில் தொட்டி முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொண்டு, பின்னால் வருவதையெல்லாம் விரட்டும். பிடித்து வெளியே போடலாம் என்றால் பாறை அத்தனையையும் கலைக்க வேண்டும். எங்கள் தெருத் தம்பி ஒருவன் அதைத்தான் செய்தான். மற்ற மீன்களுக்கு அது டாமினோவை விடப் பெரிய தொல்லையாகிவிட்டது.

மாண்டரின் சண்டைக்காரன் இல்லை, பட்டினியால் சாகும். பாறையில் ஊரும் கோப்பிபாட் என்னும் பொடி உயிரிகளை நாள் முழுக்கக் கொத்தித் தின்பது அது. புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு இருக்காது. ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம் என்று பேத்தியிடம் சொல். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தையே மேய்பவை. காளான் பவளமும் தோல் பவளமும் வைக்கப் போகிறேன் என்கிறவன் அதை வாங்கக் கூடாது. கடல்குதிரை பேச்சே வேண்டாம், 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. கல் பவளமும் அப்படித்தான். ராமேஸ்வரம் பக்கமிருந்து ‘உயிர்ப் பாறை’ என்று கடலில் எடுத்த பவளப் பாறையைக் கொண்டு வந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடு. செயற்கைப் பாறை போதும்.

அப்போ எதைத்தான் விடுவது என்பாய். க்ளவுன் சரி. ஒசிலாரிஸ் வகையில் பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று எடு. எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், பெரியது பெண்ணாக மாறி ஜோடி சேர்ந்துவிடும். கடலில் அது குடியிருக்கும் அனிமோன் என்னும் உயிரி இல்லாமலே நன்றாக வாழும். நம் மன்னார் வளைகுடாவின் செபே வகையும் கிடைக்கும், ஆனால் அது 16 செ.மீ. வரை போகும். பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் க்ளவுன்களைப் பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த குஞ்சாகக் கேட்டு வாங்கு. கடலில் பிடித்ததை விட லேசில் தீனி பழகும்.

மணலுக்கு மஞ்சள் வாட்ச்மேன் கோபி என்னும் மீன் ஒன்றும் அதன் கூட்டாளி பிஸ்டல் இறாலும். பேத்திக்கு டேங் கிடைக்காத வருத்தத்தை இந்த ஜோடி மறக்கடிக்கும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது ஓயாமல் வளை தோண்டும், மணலை வெளியே தள்ளும். கோபி வாசலில் நின்று காவல் பார்க்கும். வெளியே வரும்போதெல்லாம் இறாலின் உணர்கொம்பு ஒன்று கோபியின் மேலேயே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு உதறு உதறும், இறால் உள்ளே. நான் இதைப் பார்த்துக்கொண்டு நின்று எத்தனை முறை சரசுவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்! ஒன்று மட்டும் கவனி: பாறையை மணல் மேல் வைக்காதே, அடிக்கண்ணாடியில் ஊன்றி வைத்துவிட்டு அப்புறம் மணலைக் கொட்டு. இல்லாவிட்டால் இறால் அடியில் தோண்ட, பாறை சரியும்.

நடுத்தண்ணீருக்குப் பங்காய் கார்டினல் ஜோடி. ஆண் மீன் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும். இரண்டு ஆணாக அமைந்தால் அடித்துக்கொள்ளும், அதனால் ஜோடியா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஒன்றோடு நிறுத்து. கூடவே ஒரு ஃபயர்ஃபிஷ். பயந்தால் துள்ளி வெளியே விழும், வலை மூடி கட்டாயம். இவ்வளவுதான். 240 லிட்டருக்கு ஆறு மீன் தாராளம்.

விடும் வரிசையும் முக்கியம். தொட்டி பழுக்க, அதாவது கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருக, நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரட்டும். முதலில் கூச்ச சுபாவம் உள்ள ஃபயர்ஃபிஷ், கோபி. பிறகு கார்டினல். க்ளவுன் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் இடையில் சில வாரம் விடு. கண்ணபுரம் சந்தையில் மாட்டை நடக்கவிட்டுப் பார்க்காமல் நீ வாங்கியதில்லை. அது போலக் கடையில் உன் கண் முன்னால் தீனி போடச் சொல்லி, தின்கிற மீனை மட்டும் எடு. வீட்டிலும் நேரே விடாமல் தனித் தொட்டியில் ஒரு மாதம் வை. வெள்ளைப் புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து போட வேண்டி வந்தால் அங்கேயே போடலாம். பெரிய தொட்டியில் போட்டால் இறாலும் பவளமும் போய்விடும்.

உங்கள் போர் தண்ணீரின் உப்பு வேறு, கடல் உப்பு வேறு. ஆர்.ஓ.வோடு, மிச்சமிருக்கும் உப்பையும் எடுக்கும் டி.ஐ. வடிகட்டியும் வைத்து, அந்தத் தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து அடர்த்தியை 1.025க்குக் கொண்டு வா. ஆவியாகிக் குறைவதற்கு உப்பில்லாத வடிகட்டிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீர் 26 டிகிரியில் நிற்காது, தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்க மனசைத் தேற்றிக்கொள். கரண்ட் போனால் தறி நிற்கும், இங்கே மூச்சு நிற்கும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை இப்போதே வாங்கி வை.

தொட்டியை எந்த அறையில் வைக்கப் போகிறாய் என்று நீ எழுதவே இல்லை. மேற்கு ஜன்னல் பக்கம் என்றால் வேண்டாம். தண்ணீர், பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 300 கிலோவைத் தாண்டும், மாடி என்றால் கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். பதில் போடு. சின்னவனுக்கு உங்கள் பக்கம் நல்ல இடம் இருந்தால் அதையும் எழுது.

அன்புடன்,
செல்வம்